குவாண்டம் மேற்படிப்பு: நம் பிள்ளைகளுக்கு எட்டுமா?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்துப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் என் மனைவியின் அண்ணன் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான். மூணாறு எஸ்டேட்டில் வேலை செய்பவன். மகளையும் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று மாறி மாறிப் பாலக்காடு வந்து சேர்ந்திருந்தான். பையிலிருந்து வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு விளம்பரப் புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

"மாமா, குவாண்டம்னு ஒரு மேல்படிப்பு வந்திருக்காம். ரெண்டு வருஷம் படிச்சா வெளிநாட்டுலயே வேலைன்னு போட்டிருக்கான். பாப்பாவைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

கட்டணத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஆறு லட்சம், விடுதி தனி. அவனுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வரப்போகும் கிராஜுவிட்டிப் பணத்தை மனதில் வைத்துக் கடன் வாங்கலாம் என்பது அவன் கணக்கு. பெண் பி.எஸ்ஸி. பௌதிகம் நல்ல மார்க்கில் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவள் அதுவரை பேசாமல் நின்றாள். பிறகு மெதுவாக, "தாத்தா, இதுல என்ன சொல்லித் தருவாங்கன்னே போடலையே" என்றாள். உண்மைதான். இருபத்து நான்கு பக்கங்களில் கட்டடத்தின் படம் இருந்தது, நீச்சல் குளம் இருந்தது, பாடத்திட்டம் இல்லை.

நான் டிப்ளமோ படித்தவன். ரயில்வே சிக்னல் இலாகாவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். குவாண்டம் விஞ்ஞானத்தில் நிபுணன் அல்ல. ஆனால் நம்பிக் கேட்டவனுக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. நான்கைந்து மாதங்கள் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். நம் சங்கத்தில் இதே கேள்வியோடு வேறு குடும்பங்களும் இருப்பதாகச் செயலாளர் சொன்னதால் எனக்குத் தெரியவந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், குவாண்டம் என்றால் என்ன? அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானுக்கு எந்த அளவு சக்தி வேண்டுமானாலும் இருக்க முடியாது. மாடிப்படியில் ஒருவர் ஒன்றாம் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம், ஒன்றரையாவது படியில் நிற்க முடியாது அல்லவா, அதுபோல. ஒரு படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது அந்த வித்தியாசம் ஒளியாக வெளியே வரும். ஒளியும் இப்படித் தனித்தனிப் பொட்டலங்களாகத்தான் வருகிறது. இந்தப் பொட்டலத்துக்குத்தான் குவாண்டம் என்று பெயர். இந்த எண்ணத்தை ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் 1900-ல் முன்வைத்தார். 1925-ல் ஹைசன்பர்க்கும் அடுத்த ஆண்டு ஷ்ரோடிங்கரும் அதற்கு முழுக் கணிதம் எழுதினார்கள். அந்த 1925-ன் நூற்றாண்டாகத்தான் ஐக்கிய நாடுகள் சபை 2025-ஐக் குவாண்டம் ஆண்டாகக் கொண்டாடியது. நம் வீட்டு டிரான்சிஸ்டர், லேசர், எல்.இ.டி. விளக்கு எல்லாம் இந்த விஞ்ஞானத்தின் பிள்ளைகள்தான். ஆகவே இது நேற்று முளைத்த சமாச்சாரம் அல்ல.

அப்படியானால் இப்போது என்ன புதிது? அந்தக் காலத்தில் கோடானுகோடி அணுக்களை ஒன்றாக வைத்து வேலை வாங்கினோம். இப்போது ஒரே ஒரு அணு, ஒரே ஒரு ஒளிப் பொட்டலம் என்று தனியாகப் பிடித்து வேலை வாங்கப் பழகிவிட்டார்கள். அதில்தான் விசித்திரங்கள் வெளிப்படுகின்றன.

எனக்கு விளங்கிய வழியில் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், 1980-களில், பொள்ளாச்சிப் பக்கம் மீட்டர் கேஜ் ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் நீல்ஸ் டோக்கன் கருவி என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வரும். எந்தப் பகுதிக்கு உரியது என்று அதன் மேல் பொறித்திருக்கும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, டிரைவர் கையில் கொடுப்பார்கள். உருண்டை கையில் இருந்தால்தான் வண்டி புறப்படலாம். இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் கம்பியால் இணைந்திருப்பதால், ஒரு உருண்டை வெளியே இருக்கும்போது இரண்டாவது வராது. இந்த ஏற்பாடு முழுவதும் நிற்பது ஒரே நம்பிக்கையில்: யாரும் கள்ள உருண்டை செய்யவில்லை என்பதில். இரும்பு உருண்டைக்கு நகல் செய்வது ஒரு கொல்லருக்கு அரைநாள் வேலை. அதைத் தடுப்பது பூட்டும் சட்டமும் மட்டுமே.

குவாண்டம் உலகில் அந்தக் கள்ள உருண்டையைச் செய்யவே முடியாது. முன்பின் தெரியாத ஒரு குவாண்டம் நிலைக்கு அப்படியே நகல் எடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை என்று 1982-ல் கணிதத்தால் நிரூபித்தார்கள். அது மட்டுமல்ல, வழியில் ஒருவன் எடுத்துப் பார்த்தாலே அது மாறிப்போகும். ஆகவே ரகசிய எண்களைத் தனித்தனி ஒளிப் பொட்டலங்களில் ஏற்றி அனுப்பி, இரு முனையில் இருப்பவர்களும் அவற்றில் சிலவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், நடுவில் எவனாவது கைவைத்தானா என்று தெரிந்துவிடும். பென்னெட், பிரசார்ட் என்ற இருவர் 1984-ல் இந்த முறையை வகுத்தார்கள். நம் நாட்டில் இஸ்ரோ விஞ்ஞானிகள் 2021-ல் 300 மீட்டர் தூரம் வெட்டவெளியில் இதைச் செய்து காட்டினார்கள். மறு ஆண்டு பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே, ஏற்கெனவே போட்டிருந்த கண்ணாடி இழைக் கேபிளில், நூறு கிலோமீட்டருக்கு மேல் செய்தார்கள். தில்லி ஐ.ஐ.டி.யும் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையும் சேர்ந்து செய்த காரியம் அது.

குவாண்டம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதில் பாதி மிகைப்படுத்தல். "ஒரே நேரத்தில் பூஜ்யமும் ஒன்றும்" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எங்கள் பாஷையில் பாயிண்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் அது கோளாறு, சிக்னலே விழாது. கியூபிட் என்பது அப்படிப் பாதி வழியில் நின்ற பாயிண்ட் அல்ல. அதன் நிலையை இரண்டு எண்களால் குறிக்கிறார்கள். அந்த எண்கள் நேராகவும் இருக்கலாம், எதிராகவும் இருக்கலாம். குளத்தில் இரண்டு அலைகள் சேர்ந்தால் சில இடத்தில் உயர்வதும் சில இடத்தில் அடங்கிப்போவதும் போல, இவை கூடும், கழியும். தப்பான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சரியான விடை உயர்ந்து நிற்கும்படி கணக்கை அமைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். எல்லாக் கணக்குக்கும் அப்படி அமைக்க வராது. சில கணக்குகளுக்கு வரும். பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கும் கணக்குக்கு வரும் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டினார். நாம் பாங்கிக்கு அனுப்பும் ரகசியச் செய்திகளில் பல அந்தக் கணக்கின் கடினத்தை நம்பித்தான் இருக்கின்றன. அரசாங்கங்கள் எல்லாம் பணத்தைக் கொட்டுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

நம் மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய். வேலையை நான்கு மையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு, தகவல் தொடர்பு சி-டாட் நிறுவனத்துடன் சேர்த்துச் சென்னை ஐ.ஐ.டி.க்கு, அளவிடும் உணர்கருவிகள் மும்பை ஐ.ஐ.டி.க்கு, பொருட்களும் சாதனங்களும் தில்லி ஐ.ஐ.டி.க்கு. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை உள்ள கம்ப்யூட்டர் என்பது இலக்கு. 2025-ல் பெங்களூர்க் கம்பெனி ஒன்று 25 கியூபிட் இயந்திரத்தை அறிமுகம் செய்தது. ஆக, பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், வண்டி இன்னும் முழு வேகத்தில் ஓடவில்லை. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணின் தாயார் பிறந்தது பீர்மேடு. படிக்கும்போது அதே ஊரில் பிறந்த ஒருவரின் வரலாறு கண்ணில் பட்டது. எனக்கு அது இந்த விஷயம் முழுவதையும் விளக்கியது. அவர் பெயர் அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். தகப்பனார் சிவில் என்ஜினீயர், ஏலத்தோட்டங்கள் உண்டு. எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது அது வேண்டாம், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய பெண். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகமும் ரசாயனமும் ஆனர்ஸ் படித்து, 1940-ல் உபகாரச் சம்பளத்துடன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

எந்த வைரத்தை வேண்டாம் என்றாரோ, அங்கே அந்த வைரம்தான் அவருக்கு வேலையாக வாய்த்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, திரவக் காற்றின் குளிரில் வைத்து, ஒளி பாய்ச்சி, அவை திருப்பி உமிழும் மங்கலான ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தார். ஒரு தகட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம்கூட ஒளி காட்ட வேண்டியிருந்தது. இரவெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே இருப்பாராம். ஒளி எந்த எந்த நிறத்தில் வருகிறது என்பதிலிருந்து படிகத்துக்குள் இருக்கும் சக்திப் படிகளைக் கணக்கிடுவது. நான் மேலே சொன்ன மாடிப்படிதான். 1942 முதல் 1945 வரை தனியாகவே ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் ஆராய்ச்சி நூலை டாக்டர் பட்டத்துக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். பட்டம் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியில் குறை கண்டு மறுக்கவில்லை, அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்பதுதான் காரணம். அந்த நூல் இன்றும் பெங்களூரில் ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் இருக்கிறது. அவர் மனம் தளர்ந்ததாகத் தெரியவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-ல் திரும்பி, புனா வானிலை இலாகாவில் சேர்ந்து, நாட்டுக்குத் தேவையான கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். துணை டைரக்டர் ஜெனரலாக 1976-ல் ஓய்வு பெற்று, 2001-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

இதைப் படித்தபோது எனக்கு என் கதையும் நினைவுக்கு வந்தது. சர்வீசில் ஒரு சமயம் ஒரு மேற்பயிற்சிக்கு என் பெயர் போய், "டிப்ளமோ மட்டும்" என்ற ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்தது. அதே கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அந்த செக்ஷனில். ஏ.எம்.ஐ.இ. எழுத ஆரம்பித்தேன், முதல் பிரிவு தேறினேன், இரவு டூட்டியும் குழந்தைகளுமாக இரண்டாம் பிரிவு நின்றுபோனது. அன்னா மாணி அம்மையாரோடு என்னை ஒப்பிடவில்லை. காகிதம் இல்லாமல் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

வைரத்தின் கதை அதோடு முடியவில்லை. வைரம் என்பது கார்பன் அணுக்களின் அடுக்கு. அதில் ஓர் இடத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் அணு உட்கார்ந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்தக் குறை ஒரு தனி அணுவைப் போல நடந்துகொள்கிறது. பச்சை ஒளி பாய்ச்சினால் சிவப்பு ஒளி தரும். பக்கத்தில் காந்தப் புலம் இருந்தால், மைக்ரோவேவ் அலையும் சேர்த்துக் கொடுக்கும்போது அந்தச் சிவப்பின் பிரகாசம் மாறுவதை வைத்துக் காந்தப் புலத்தை அளந்துவிடலாம். மற்றக் குவாண்டம் சாதனங்கள் பலவற்றுக்கு விண்வெளியைவிடக் கடுங்குளிர் வேண்டும். இதற்கு நம் அறையின் சூடே போதும். 1997-ல் ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஒரே ஒரு குறையைத் தனியாகப் பார்த்தார்கள். இன்று மும்பை ஐ.ஐ.டி.யில் இதை வைத்துக் காந்தப் புலத்தைப் படம் பிடிக்கும் கருவிகளில் வேலை நடக்கிறது. அன்னா மாணி ஆராய்ந்தது இந்தக் குறையைத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கல் அதே கல், ஒளியைக் கேட்டு உள்ளே இருப்பதை அறியும் வித்தையும் அதே வித்தை.

இனி, மேற்படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதற்கு வருகிறேன். நல்ல நிறுவனம் எதுவானாலும் முதல் ஆண்டில் பெரும்பாலும் கணிதமும் குவாண்டம் இயக்கவியலும்தான். அணிகள் என்று பள்ளியில் படித்தோமே, மேட்ரிக்ஸ், அதுதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி. சிக்கலெண்கள், நிகழ்தகவு, அதன் பிறகு ஒளியியல், மைக்ரோவேவ் எலெக்ட்ரானிக்ஸ், கடுங்குளிர் நுட்பம், குவாண்டம் கணிப்பு முறைகள். ஆய்வுக்கூடத்தில் லேசரை நேர்ப்படுத்துவது, ஒற்றை ஒளிப் பொட்டலத்தை எண்ணுவது. கடைசியில் ஒரு புராஜெக்ட்; இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி அதில் போகும். மேட்ரிக்ஸ் கணக்கு போடப் பிடிக்காத பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது. கம்ப்யூட்டர் படிப்பின் புதுப் பெயர் என்று எண்ணிச் சேர்ந்தவர்கள் முதல் பருவத்திலேயே திணறுவதாகக் கேள்விப்பட்டேன்.

சேரும் வழி இரண்டு. பி.டெக். படித்தவர்கள், அதாவது எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர் போன்ற பிரிவினர், கேட் பரீட்சை எழுதி நேராக எம்.டெக். குவாண்டம் படிப்புக்குப் போகலாம். பெங்களூர் விஞ்ஞானக் கழகம் 2021-ல் இப்படி ஒரு எம்.டெக். தொடங்கியது. கேட் மார்க்கில் எம்.டெக். சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதாவது படிப்பதற்கு நாம் லட்சம் லட்சமாகக் கட்டுவதற்குப் பதில் அவர்கள் நமக்குக் கொடுக்கிறார்கள். கேட் மார்க் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். நம்மவர்களில் டிப்ளமோ படித்த பையன்கள் நிறைய. அவர்களும் மனம் விட வேண்டாம். லேட்டரல் என்ட்ரியில் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பிறகு கேட் எழுதலாம். என் காலத்தில் அந்தக் கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கவில்லை.

பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் முதலில் எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்க வேண்டும். அதற்கு ஜாம் என்ற அகில இந்தியப் பரீட்சை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மார்க். பௌதிகம், கணிதம் உள்பட ஏழு பாடங்களில் நடத்துகிறார்கள். இந்த மார்க்கில் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. இடம் கிடைக்கும். நம் வாசலிலேயே ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலக்காடு ஐ.ஐ.டி. 2015-ல் கோழிப்பாறையில் தற்காலிகக் கட்டடத்தில் தொடங்கியது. கோழிப்பாறையில் டீக்கடையில் நின்றால் காதில் விழுவது தமிழ்தான். பிறகு கஞ்சிக்கோட்டில் சொந்த வளாகம் எழுந்தது. ரயிலில் கோயம்புத்தூர் போகிறவர்கள் எல்லாரும் கஞ்சிக்கோட்டைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே எம்.எஸ்ஸி. பௌதிகம் இருக்கிறது, சேர்க்கை ஜாம் வழியாகத்தான்.

எம்.எஸ்ஸி. பௌதிகத்தில் "குவாண்டம்" என்ற பெயர் சான்றிதழில் இருக்காது. அதற்காகத் தயங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பாடத்தின் முதுகெலும்பே குவாண்டம் இயக்கவியல்தான். எம்.எஸ்ஸி. முடித்தவர் கேட் எழுதி எம்.டெக். குவாண்டம் போகலாம், அல்லது நெட், ஜெஸ்ட் போன்ற பரீட்சை எழுதி நேராக ஆராய்ச்சிக்குப் போகலாம். நெட் பரீட்சையில் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்த ஈ.சி.ஜி. சுதர்சன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்தது சாதாரணப் பௌதிகம்தான். ஒளியின் குவாண்டம் நிலைகளை எழுதும் முறையை அவர் 1963-ல் கொடுத்தார். இன்றைக்குக் குவாண்டம் ஒளியியல் பாடப் புத்தகம் எதைத் திறந்தாலும் அவர் பெயர் வரும்.

வேலை வாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் கம்பெனிகள் நம் நாட்டில் இன்னும் சொற்பம். முதுகலை முடித்தவர்களில் பலர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குத்தான் போகிறார்கள். அது இன்னும் ஐந்து, ஆறு ஆண்டு. "இரண்டே வருடத்தில் வெளிநாடு" என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம் லேசர், வெற்றிடம், மைக்ரோவேவ், கடுங்குளிர் இவற்றில் கை பழகியவருக்குக் குவாண்டம் இல்லாவிட்டாலும் வேறு தொழிற்சாலையிலும் ஆய்வுக்கூடத்திலும் வேலை உண்டு. அந்தக் கைப்பழக்கம் கிடைக்கிறதா என்பதைத்தான் சேருமுன் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு அந்த விளம்பரப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அதில் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஆய்வுக்கூடத்தில் என்னென்ன கருவி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் கிளவுடில் இருக்கிறது, ஐயா" என்றார் ஒரு பெண். அது தப்பில்லை. அமெரிக்காவில் இருக்கும் குவாண்டம் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இணையத்தில் இயக்கிப் பழகலாம், சிலவற்றை இலவசமாகவே. இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் ஆறு லட்சம் என்று கேட்டேன். பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர்கள் யார், அவர்கள் எங்கே ஆராய்ச்சி செய்தார்கள் என்று கேட்டேன். பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது: பட்டம் இல்லை, சான்றிதழ்தான். புத்தகத்தில் "முதுநிலை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களே என்றேன். "முதுநிலைத் தரத்தில்" என்று கீழே சிறிய எழுத்தில் இருப்பதாகச் சொன்னார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன், இருந்தது.

பீர்மேட்டுப் பெண்ணுக்கு 1945-ல் நடந்தது நினைவிருக்கட்டும். ஐந்து கட்டுரை எழுதியவருக்கே எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கதவு மூடியது. ஆறு லட்சம் கட்டிவிட்டு அதே இடத்தில் போய் நிற்பதா? மருமகனுக்கு அன்றிரவே போன் செய்தேன். "கிராஜுவிட்டிப் பணம் வீட்டுக்கு வேணும்டா. அதுல கைவைக்காதே. பாப்பா ஜாம் எழுதட்டும்" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஒரு வருஷம் வீணாப் போகுமே மாமா" என்றான். போகும்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

பரீட்சைத் தயாரிப்புக்கு ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன. பார்ப்பதற்குக் காசு இல்லை; சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் பரீட்சைக் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி.யும் ஐ.பி.எம். கம்பெனியும் சேர்ந்து கொடுத்த குவாண்டம் கம்ப்யூட்டர் அறிமுகப் பாடமும் அதில் இருக்கிறது. பாடங்கள் ஆங்கிலத்தில்தான், சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துப் பெயர்ப்பும் சேர்த்திருக்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்த நம் எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கு ஜாம் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வருவது ஒரு தடைதான். ஆனால் பௌதிகக் கேள்வியில் வரும் ஆங்கிலம் இருநூறு, முந்நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். பழைய கேள்வித்தாள்களை இணையத்திலிருந்து எடுத்து நாளுக்கு நான்கு கேள்வி என்று போட்டால் மூன்று மாதத்தில் பழகிவிடும். எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காதவர்கள் பாடங்களை டவுனுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கள் பேத்தி அப்படித்தான் செய்கிறாள். வாரம் ஒருமுறை மூணாறு டவுனுக்கு வந்து, நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு போகிறாளாம்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட அவசரமானது. இட ஒதுக்கீடு, கட்டணச் சலுகை, கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உதவி, எதற்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்புச் சான்றிதழுக்கு 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தோட்டத்துக்குப் பாட்டன் காலத்தில் வந்த குடும்பங்களில் பலரிடம் அந்த ஆதாரம் கையில் இல்லை. தேவிகுளம், பீர்மேடு பக்கத்து உறுப்பினர்களுக்கு இதன் கஷ்டம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டனாரின் பழைய எஸ்டேட் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, சர்ச் அல்லது கோயில் பதிவு என்று எது கிடைத்தாலும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பரீட்சை தேறிய பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடினால் காலம் போதாது. ஐ.ஐ.டி. சேர்க்கைக்கு மத்திய அரசு படிவத்தில் சான்றிதழ் வேண்டும், மாநிலப் படிவம் செல்லாது என்பதையும் தாசில்தார் அலுவலகத்தில் சொல்லி வாங்குங்கள்.

ஜாம் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் திறக்கும், ஐந்து, ஆறு வாரம் இருக்கும். போட்டோ, கையெழுத்து எல்லாம் இணையத்திலேயே ஏற்ற வேண்டும். நம் சங்க அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறவர்கள் காகிதங்களோடு வந்தால் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுக்கிறேன். பேத்தியும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு மேட்ரிக்ஸ் கணக்கில் ஏதோ சந்தேகமாம். நான் படித்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது, அதனால் கணக்கு வாத்தியார்கள் எவராவது வந்தால் சௌகரியம்.